கார்புரேட்டரைக் கழற்றும் முன் பெட்ரோல் வரும் வழியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய கார்கள் பாழாகின்றனவா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் வாசகர்கள் எழுதிவருவதைப் படித்துவருகிறேன். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளை இன்றும் பேணி ஓட்டிவருபவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். வண்டி வீட்டு வாசலில் நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, ஊருக்குள் சிக்கலில்லாமல் ஓடுகிறது, ஆனால் நெடுஞ்சாலையில் வேகம் பிடித்த பிறகோ மேட்டில் ஏறும்போதோ இழுவை குறைந்து, இடித்து இடித்து நின்றுவிடுகிறது. சிலர் எத்தனால் மீது பழியைப் போட்டுவிட்டு அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் பட்டறையில் சொன்னதை நம்பி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் கார்புரேட்டரையே மாற்றிவிட்டு, மறுவாரம் அதே மேட்டில் மீண்டும் நிற்கிறார்கள். கார்புரேட்டர் வண்டிகளைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்தியும், வண்டிகளைப் பழுது பார்த்தும் பணிக்காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். டேங்கிலிருந்து என்ஜின் வரை பெட்ரோல் வரும் வழியை வரிசையாகச் சோதிக்காமல் கார்புரேட்டரில் ஸ்குரூடிரைவர் வைக்கக் கூடாது. அந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

இந்த வண்டிகளில் பெட்ரோல் வரும் வழி எளிமையானது. பின்புற டேங்கின் அடியில் உள்ள உறிஞ்சு குழாயில் தொடங்கி, வண்டியின் அடிப்பகுதி நெடுகிலும் ஓடும் மெல்லிய உலோகக் குழாய் வழியாக முன்னால் வந்து, என்ஜினோடு பொருத்தப்பட்ட பம்ப்புக்குப் பெட்ரோல் சேர்கிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்று அழைக்கும் இந்தப் பம்ப்பை, என்ஜினுக்குள் சுழலும் மேடு கொண்ட தண்டான கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலால் இயக்குகிறது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்ற ரப்பர் திரை கீழிறங்கும்போது டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஸ்பிரிங் அதை மேலே தள்ளும்போது பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போகிறது. அங்கே ஃப்ளோட் என்ற மிதவை இருக்கும் சிறு கிண்ணம் நிறைந்ததும், ஊசி போன்ற நீடில் வால்வு பெட்ரோல் வரும் வாயை மூடிக்கொள்கிறது. பம்ப் தரும் அழுத்தம் மிகக் குறைவு. சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 4 பவுண்டு வரைதான். ஆகவே வழியில் எங்கு ஒரு சிறு அடைப்போ காற்றுக் கசிவோ ஏற்பட்டாலும், அதை வென்று பெட்ரோலைத் தள்ளும் வலிமை இந்த அமைப்புக்குக் கிடையாது.

அப்படியானால் குறையுள்ள வண்டி ஊருக்குள் ஏன் நன்றாக ஓடுகிறது என்று கேட்பார்கள். ஒரு கணக்குப் போட்டால் புரியும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தரும் வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது மணிக்கு 6 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 100 மில்லி பெட்ரோலைக் குடிக்கிறது. மலைப்பாதையில் இரண்டாம் கியரில் மிதித்து ஏறும்போது இது இருமடங்குக்கு மேலும் போகலாம். சும்மா நின்று ஓடும்போதோ இதில் மிகச் சிறிய பங்கே போதும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும்போது, மெதுவாகச் சொட்டும் பெட்ரோல் கூட ஃப்ளோட் கிண்ணத்தை நிரப்பிவிடுகிறது. வேகத்தை மிதித்தால் வரவை விடச் செலவு மிஞ்சிக் கிண்ணம் வற்றிவிடுகிறது. வண்டி நின்று, பானட்டைத் திறந்து, ஓட்டுநர் சற்று நேரம் அதையும் இதையும் தொட்டுப் பார்ப்பதற்குள் எஞ்சிய பெட்ரோல் மெல்ல வந்து சேர்ந்துவிடும். மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் என்ஜின் ஓடும். கடைசியாக எதைத் தொட்டாரோ அதுதான் பழுது என்று அவர் முடிவுகட்டிவிடுவது இதனால்தான்.

வண்டி நின்ற விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். மின்பொறிக் கோளாறானால், பொறிக்கு மின்சாரம் தரும் காயிலோ கண்டென்சரோ சூட்டில் வேலை செய்ய மறுக்கும்போது, என்ஜின் சுவிட்சை அணைத்ததுபோல் பட்டென்று நின்றுவிடும். அல்லது தாறுமாறாக வெடித்து ஓடும். பெட்ரோல் பற்றாக்குறையானால் இழுவை படிப்படியாகக் குறையும், கார்புரேட்டர் வழியாக இருமல் போன்ற ஓசை வரும், ஆக்சிலரேட்டரை மேலும் மிதித்தால் நிலைமை மோசமாகும், காலைத் தளர்த்தினால் சற்றே தெளியும். பெட்ரோல் கோளாறு என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் கணிசமானவை உண்மையில் கண்டென்சரும் காயிலும் செய்த வேலையே என்பதால், நின்ற உடனே, சூடு ஆறும் முன்பே, பொறி நீல நிறத்தில் வலுவாக அடிக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. பெட்ரோல் ஆவி சூழ்ந்திருக்கும் கார்புரேட்டருக்கு அருகில் மட்டும் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

பொறி இருக்கிறது என்றால், ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, என்ஜின் அணைந்த நிலையில் கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் கம்பியைக் கையால் இழுக்க வேண்டும். உள்ளே பெட்ரோல் மெல்லிய தாரையாகப் பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஒன்றும் வராவிட்டால், ஓடிக்கொண்டிருந்த வண்டியில் கிண்ணம் வற்றியிருக்கிறது என்பதே முதல் ஐயமாக இருக்க வேண்டும். இந்த ஒரு பார்வை, வண்டி நின்ற முதல் நிமிடத்திற்குள் நடக்க வேண்டும். பட்டறைக்கு இழுத்துச் சென்ற பிறகு பார்த்துப் பயனில்லை. அதற்குள் கிண்ணம் நிரம்பியிருக்கும்.

அதற்கு அடுத்தது டேங்க் மூடி. பெட்ரோல் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே நுழைய வேண்டும். மூடியிலோ டேங்கின் மேலோ உள்ள காற்றுத் துளை அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உருவாகிப் பம்ப்பின் உறிஞ்சலை எதிர்த்து நிற்கும். வண்டி நின்ற இடத்தில் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, அதன் பிறகு வண்டி ஓடினால், அதுவே நோய். அசல் மூடி தொலைந்து, கடையில் கிடைத்த துளையில்லாத மூடியைப் போட்டுக்கொண்ட வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது.

இப்போது பம்ப்பைச் சோதிக்கலாம். கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயை அந்த முனையில் கழற்றி, ஒரு உலோகக் கேனுக்குள் விட்டு, காயிலுக்கு வரும் ஒயரைப் பிரித்துவிட்டு, ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்ற வேண்டும். ஒவ்வொரு துடிப்புக்கும் பெட்ரோல் முழுத் தாரையாக, காற்றுக் குமிழ் இல்லாமல் பாய வேண்டும். வலுவாகப் பாய்ந்தால் குறை கார்புரேட்டரின் நுழைவாயிலில் உள்ள சல்லடை, நீடில் வால்வு, பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையான ஜெட் ஆகியவற்றின் பக்கம் இருக்கக்கூடும். கார்புரேட்டரைத் திறக்க அப்போதுதான் நியாயம் பிறக்கிறது. மெலிந்து வந்தாலோ குமிழோடு வந்தாலோ, பம்ப்பிலோ அதற்குப் பின்னாலோதான் குறை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஃபில்டர் பாதி காலியாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது. நன்றாக ஓடும் வண்டிகளிலும் அது அப்படித்தான் இருக்கும்.

பம்ப்பிலேயே பழுதைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. டயாஃப்ரம் கிழிந்தால் பம்ப்பின் அடிப்பகுதியில் உள்ள சிறு துளை வழியாகப் பெட்ரோல் கசியலாம். அல்லது அது என்ஜினின் ஆயில் தொட்டிக்குள் இறங்கிவிடும். ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது அளவு ஏறியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், வண்டியை ஓட்டவே கூடாது. பெட்ரோல் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். பம்ப்பில் கையால் அடிக்கும் சிறு நெம்புகோல் இருந்தால் அதை இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அது தளர்ந்து ஆடினால் உடனே பம்ப் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. கேம் உச்சத்தில் நின்றிருந்தால் அது அப்படித்தான் ஆடும், என்ஜினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டு மறுபடி முயல வேண்டும். இன்னொன்றும் உண்டு. பம்ப்பை மாற்றும்போது அதற்கும் என்ஜினுக்கும் இடையில் பழைய பேக்கிங்கின் மேலேயே புதிய பேக்கிங்கைப் போட்டுவிட்டால், நெம்புகோல் கேமை விட்டு விலகி அதன் வீச்சு குறையும். புதுப் பம்ப்பும் பழையதைப் போலவே நடந்துகொள்ளும்.

உண்மையில் பெரும்பாலோர் தடுமாறுவது பம்ப்புக்கும் டேங்குக்கும் இடையிலான உறிஞ்சு வழியில்தான். இங்கே கசிவு ஏற்பட்டால் பெட்ரோல் வெளியே சொட்டாமலேயே இருக்கலாம். அதற்குப் பதிலாகக் காற்று உள்ளே நுழையும். எனக்குத் தெரிந்தவரின் அம்பாசிடர் ஒன்று, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் கல்லாறு வரை குறையின்றி வந்து, பர்லியாறை நெருங்கும் ஏற்றத்தில் எப்போதும் நின்றுவிடும். ஒரு பட்டறையில் கார்புரேட்டரை மாற்றியிருந்தார்கள். பிறகு காயிலை மாற்றினார்கள். பிறகு புதுப் பம்ப்பும் போட்டார்கள். என்னிடம் வந்தபோது பம்ப்பின் தாரை மெலிந்திருந்தது. பம்ப்பின் நுழைவுக் குழாயைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்த பெட்ரோல் கேனிலிருந்து ஒரு புதிய ஹோஸ் வழியாகப் பம்ப்பை உறிஞ்சவைத்ததும் தாரை முழு வேகத்தில் பாய்ந்தது. ஆக, புதுப் பம்ப் மட்டுமன்று, அதற்கு முன் கழற்றி எறியப்பட்ட பழைய பம்ப்பும் குற்றமற்றதாகவே இருந்திருக்கக்கூடும்.

வழக்கமாக அடுத்துச் செய்வது, டேங்க் மூடியைத் திறந்துவைத்து, பம்ப் முனையிலிருந்து பின்னோக்கிக் கால் பம்ப்பால் காற்றை ஊதுவது. ஊதினோம், தடையே இல்லை, டேங்கில் குமிழ்கள் கொப்பளிக்கும் ஓசை தெளிவாகக் கேட்டது. வழி சுத்தம் என்று பட்டறையில் முன்பு சொன்னதும் இந்தச் சோதனையை நம்பித்தான். ஆனால் ஊதுவதும் உறிஞ்சுவதும் ஒன்றல்ல. டேங்கின் வாயில் உள்ள உலோகக் குழாயையும் வண்டியின் அடியில் ஓடும் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் நீளத்துக்கும் குறைந்த ரப்பர் ஹோஸைக் கழற்றி நீளவாக்கில் வெட்டிப் பார்த்தபோது, வெளியே புதிது போலிருந்த அந்த ஹோஸின் உள்தோல் ஊதிப் பிரிந்து, ஒரு நாக்கைப் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. டேங்கை நோக்கி ஊதும்போது அந்த நாக்கு ஒதுங்கி வழிவிடும். என்ஜின் உறிஞ்சும்போது அது எழும்பி வழியை அடைத்துவிடும். உறிஞ்சல் கூடக்கூட அடைப்பும் இறுகும் என்பதால்தான் சமதளத்தில் ஓடிய வண்டி ஏற்றத்தில் மட்டும் நின்றது. ஹோஸை மாற்றியதும் அந்த வண்டி குன்னூர் வரை தங்குதடையின்றி ஏறியது.

இதே போன்ற தோற்றத்தைத் தரும் இன்னொரு காரணம் டேங்குக்குள் இருக்கும் துரு. பெட்ரோல் குறைவாக வைத்து நெடுநாள் நிறுத்தப்பட்ட வண்டிகளில் டேங்கின் மேற்பகுதி துருப்பிடித்து உதிரும். உதிர்ந்த தகடு உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். என்ஜின் நின்றதும் விழுந்துவிடும். பின்னோக்கி ஊதினால் சில நாள் குணமாகி மீண்டும் வரும் என்பதே இதன் அடையாளம். டேங்கை இறக்கிக் கழுவாமல் இதற்குத் தீர்வில்லை. காலியான டேங்கிலும் பெட்ரோல் ஆவி வெகுநாள் தங்கியிருக்கும் என்பதால், அதில் ஓட்டை அடைக்கச் சூடு வைக்கும் வேலையை அதை முறையாக அறிந்தவரிடம் மட்டுமே விட வேண்டும்.

கோடை வெயிலில் வண்டியை நிறுத்திய சற்று நேரத்தில் மீண்டும் ஸ்டார்ட் ஆக மறுத்தால், பெரும்பாலும் அது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும் நிலை. மெக்கானிக்குகள் இதை ஏர் லாக் என்பார்கள். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதிகள் 40 டிகிரிக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். என்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்கும் பம்ப்போ அதைவிட மிகுந்த சூட்டில் இருக்கும். ஈரத்துணியைப் பம்ப்பின் மீதும் குழாயின் மீதும் சுற்றிச் சிறிது நேரத்தில் குணமானால் நோய் உறுதி. பழைய டாக்சி ஓட்டுநர்கள் இந்த வைத்தியத்தை நன்கறிவார்கள். ஆனால் துணியோடு நிறுத்திவிடாமல், எக்சாஸ்ட் குழாயை உரசிக்கொண்டு போகும் பெட்ரோல் குழாயை விலக்கி அமைப்பதும், கார்புரேட்டருக்கு அடியில் இருந்து காணாமல் போன சூடுதடுப்புத் துண்டை மீண்டும் போடுவதுமே நிலையான மருத்துவம்.

இனி எத்தனாலுக்கு வருகிறேன். வாசகர்களின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி 2025-இல் நாடெங்கும் பரவிவிட்ட இந்த இ-20 பெட்ரோல், இந்த வண்டிகள் வடிவமைக்கப்பட்ட காலத்தில் எவரும் எண்ணிப் பார்க்காத எரிபொருள். ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961-இல் வண்டலூர் அருகே உருவாகத் தொடங்கியபோது அதன் டயாஃப்ரத்துக்கும் ஹோஸ்களுக்கும் பயன்பட்ட ரப்பர் எத்தனாலைத் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதன்று. எத்தனால் அத்தகைய ரப்பரை ஊதவைத்துத் தளர்த்தும், ஈரத்தை ஈர்த்துக்கொள்ளும், அந்த ஈரம் டேங்கின் துருவையும் கார்புரேட்டரின் துத்தநாகக் கலவையில் அரிப்பையும் வளர்க்கும். மேலே சொன்ன ஹோஸின் உள்தோல் பிரிந்ததில் எத்தனாலுக்குப் பங்கிருக்கலாம் என்றே கருதுகிறேன். ஆயினும் மாற்றப்பட வேண்டியது ஒரு முழம்கூட இல்லாத ஹோஸ்தான்; கார்புரேட்டரும் வேண்டியதில்லை, வண்டியை விற்கவும் வேண்டியதில்லை.

எத்தனாலால் சோதனைமுறையிலும் ஒரு குழப்பம் வந்துவிட்டது; இதை மெக்கானிக்குகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். வண்டி இடிக்கும்போது, காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கைக் கூட்டும் சோக்கைச் சற்றே இழுத்துப் பார்ப்பதும், இழுத்ததும் தெளிந்தால் பெட்ரோல் போதவில்லை என்று தீர்மானிப்பதும் பழைய வழக்கம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 கிலோ. பழைய ஜெட்டின் வழியே அதே அளவு எரிபொருள்தான் வரும் என்பதால், எந்தப் பழுதும் இல்லாத வண்டியிலும் காற்றுக்கு ஏற்ற எரிபொருள் இல்லாமல் கலவை சுமார் 7 சதவீதம் மெலிந்துவிடுகிறது. ஆகவே சோக்கை இழுத்ததும் சற்று நன்றாக ஓடுவது இன்று எல்லாக் கார்புரேட்டர் வண்டிகளுக்கும் பொதுவான குணமாகிவிட்டது. இரண்டையும் பிரித்தறிய நேரத்தைக் கவனிக்க வேண்டும். ஜெட் போதாத வண்டி, மிதித்த முதல் நொடியிலிருந்தே ஒரே அளவில் சோர்ந்திருக்கும். எவ்வளவு தூரம் போனாலும் அந்தச் சோர்வு கூடாது, குறையாது. பெட்ரோல் வரத்துக் குறைந்த வண்டி, முதலில் முழு வலிமையோடு ஏறி, கிண்ணம் வற்றவற்றச் சோர்ந்து, சோக்கை இழுத்தாலும் சிறிது நேரம் மட்டும் தெளிந்து பிறகு நின்றே விடும். முன்னதற்கு ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுச் சரிசெய்யலாம். சோலெக்ஸ் என்ற வகைக் கார்புரேட்டரின் ஜெட்டுகளில் பொறித்துள்ள எண் துளையின் அளவை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பது. துளையைக் கம்பியால் குடைந்து பெரிதாக்கும் வழக்கத்தை அருள்கூர்ந்து கைவிட வேண்டும். குடைந்த ஜெட்டின் அளவு யாருக்கும் தெரியாது.

தவறான இரண்டு வைத்தியங்கள் பரவலாக நடப்பதைக் கண்டு மிகுந்த கவலை கொள்கிறேன். பெட்ரோல் வராத வண்டிக்குப் பானட்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோலைத் தொங்கவிட்டு, டியூப் வழியாகக் கார்புரேட்டருக்கு இறக்கிப் பட்டறை வரை ஓட்டிச் செல்வது அவற்றில் ஒன்று. சூடான எக்சாஸ்ட்டின் மேல் அந்த டியூப் ஒருமுறை நழுவினால் போதும், வண்டியும் அதில் இருப்பவர்களும் தீக்கு இரையாவார்கள். மற்றொன்று, காரணம் தெரியாமலேயே ஒரு மின்சார பம்ப்பைப் பொருத்திவிடுவது. இன்ஜெக்ஷன் வண்டிகளுக்கான பம்ப் 3 பார், அதாவது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 43 பவுண்டு அளவு அழுத்தம் தரவல்லது. கார்புரேட்டரின் நீடில் வால்வு அதில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. பெட்ரோல் பொங்கி என்ஜின் மீது வழியும். குறைந்த அழுத்தப் பம்ப்பாகவே இருந்தாலும், விபத்தில் என்ஜின் நின்ற பின்பும் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டிருக்காதபடி தானாக அணையும் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

அம்பாசிடரின் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. பத்மினியின் உற்பத்தி இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நின்றது. இவற்றின் உதிரிபாகங்களைச் செய்து விற்கும் சிறு தொழில்முனைவோருக்கும் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டயாஃப்ரம் கிட்டுகளும் ஹோஸ்களும் எத்தனாலைத் தாங்குபவையா என்பதை உறையின் மேல் அச்சிட்டு விற்க வேண்டும். ஹோஸ் வாங்குவோர் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் பெயரற்ற கறுப்பு டியூப்பை ஏற்காமல், எஸ்.ஏ.இ. ஜே-30 ஆர்-9 என்ற தரக் குறியீடு அதன் மேலேயே பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம். விலை கூடுதல்தான், ஆனால் தேவையில்லாமல் வாங்கும் ஒரு கார்புரேட்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது பொருட்டே அன்று. பெட்ரோல் நிலையங்களில் கலவையின் விகிதத்தை ஒவ்வொரு பம்ப்பிலும் தெளிவாகத் தமிழில் எழுதிவைக்கவும், பழைய வண்டிகளுக்காக எத்தனால் குறைந்த பெட்ரோலை மாவட்டத்துக்குச் சில நிலையங்களிலாவது வழங்கவும் எண்ணெய் நிறுவனங்கள் முன்வர வேண்டும். அதுவரை, வண்டி வைத்திருப்போர் அடுத்த சர்வீசின்போது டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும், வெளியே எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆட்டோமொபைல் துறை ஆசிரியர்,
கோயம்புத்தூர்.